சேவல்கட்டு கேஸோடு மெல்போர்ன் போன தம்பதி

1. ஃபேனுக்கு அடியில் நல்ல இடம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். டிக்கெட், பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்ப்போம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விசா ஃபார்மில் ஆளைக் கவிழ்ப்பது பெயரோ முகவரியோ இல்லை. 'எந்த நாட்டிலாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்ற கேள்விதான். பல இடங்களில் கஸ்டமரைக் கேட்காமலேயே அதற்கு 'நோ' போட்டுவிடுவார்கள். நான் கேட்டுத்தான் போடுவேன். கேட்டதால்தான் எனக்கு முத்துச்சாமி அண்ணனின் கதை கிடைத்தது.

அண்ணன் ஆயக்குடிக்காரர். கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார். ஒரே மகள் துளசி மெல்போர்னில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று ஃபோனில் தினமும் அழுகிறாளாம். அண்ணனும் அவர் மனைவி வள்ளியம்மா அக்காவும் கையில் ஒரு கூடை கொய்யாவோடு என் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, கேஸு கீஸு ஏதாச்சும் உண்டா?"

"அட, அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க அம்மணி. நம்மளப் பாத்தா அப்படியா தெரியுது?"

அக்கா அவரை இடித்தார். "ஏனுங்க, சேவக்கட்டுல புடிச்சுட்டுப் போனாங்களே?"

"அது ஒரு கேஸா? குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டி அன்னிக்கே முடிச்சாச்சு. முடிஞ்ச கேஸு எப்படிங்க கேஸாகும்?"

நம் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஃபைன் கட்டினால் கேஸ் காற்றோடு போய்விட்டது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதற்குப் பெயர்தான் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை.

"சரிண்ணே, உள்ள கிள்ள போட்டாங்களா?"

"சேச்சே! 'கோர்ட்டு கலையிற வரைக்கும் உக்காரு'ன்னாரு ஜட்ஜய்யா. உக்காந்திருந்தேன். ஃபேனுக்கு அடியில நல்ல எடம். இவ தக்காளிச் சோறு கொண்டாந்தா. சாயங்காலம் எல்லாரும் கெளம்புனாங்க, நானும் கெளம்பிட்டேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "அண்ணே, அதுதான் சிறைத் தண்டனை. 'நீதிமன்றம் கலையும் வரை சிறை'ன்னு எழுதியிருப்பாங்க."

"தக்காளிச் சோறு தின்னதா?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜெயிலுக்குப் போய் வந்ததே தெரியாமல் அவர் இத்தனை வருடம் ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார்.

2. சேவலின் மானம்

"'நோ'ன்னே போட்டுருங்க அம்மணி. ஆயக்குடியில நடந்தது ஆஸ்திரேலியாக்காரனுக்கு எப்படித் தெரியப் போவுது?"

"தெரிஞ்சா இப்பவும் போக முடியாது, அப்புறமும் வருசக்கணக்கா விடமாட்டாங்க. துளசியோட புள்ளைய அது பள்ளிக்கூடம் போறப்பத்தான் பாப்பீங்க. மறைச்சாத்தாண்ணே தப்பு. உள்ளதச் சொல்லிட்டா, சின்ன கேஸுதானேன்னு விடுறதுக்கு வழி இருக்கு. அம்புட்டுத்தான்."

அதை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "உள்ளதச் சொல்லீருங்க" என்று அன்று போகும்வரை அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோர்ட்டில் மனுப் போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கி, அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, கூடவே அண்ணன் பெயரில் ஒரு விளக்கக் கடிதமும் தயார் செய்தோம். எனக்கு அந்தக் கடிதத்தில்தான் பிராணன் போனது. நடந்தது என்ன, வயது என்ன, அதற்குப் பிறகு எந்த வழக்கும் இல்லை, செய்ததற்கு வருந்துகிறேன் என்று சுருக்கமாக முடிக்க வேண்டிய கடிதம் அது. அண்ணன் விட்டால்தானே!

"சேவலு தோத்துச்சுன்னு எழுதீராதீங்க. போலீஸ் வாரப்ப நம்ம சேவலு மேலதான் நின்னுச்சு."

"அண்ணே, அது அவங்களுக்கு எதுக்கு?"

"நாளைக்கு ஒரு ரெக்கார்டுன்னு இருக்கும்ல? கிளிமூக்குச் சேவலுங்க. வாலு தரையில இழையும். அத எழுதுங்க."

"வருத்தப்படுறேன்னு எழுதணும்ணே."

"வருத்தந்தானுங்க. இன்னும் செத்த நேரம் உட்டிருந்தா செயிச்சிருக்கும்."

கடைசியில் சேவலைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் கையெழுத்து வாங்கினேன். அதற்குள் கீழே மதிய பிரியாணி முடிந்து இரவு பிரியாணிக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விசா வரும்வரை தினமும் எனக்கு ஃபோன் வந்தது. அண்ணனைவிட எனக்குத்தான் பயம் அதிகம். 'யெஸ்' போடச் சொன்னது நானாயிற்றே. ஒருநாள் காலையில் இரண்டு பேருக்கும் விசா வந்தது. அண்ணன் நேரிலேயே வந்து கீழே இருந்த பிரியாணி மாஸ்டரைக் கட்டிப்பிடித்தார். மாஸ்டருக்கு ஏன் என்றே தெரியாது.

3. மெல்போர்ன் கவுண்டர்

விமானத்தில் ஒரு கார்டு கொடுப்பார்கள், அதிலும் குற்றத் தண்டனை பற்றிக் கேள்வி இருக்கும், அங்கேயும் 'யெஸ்' போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அண்ணன் போட்டார். நம் ஊரில் பேங்க் ஆகட்டும், தாலுகா ஆபீஸ் ஆகட்டும், வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்து வீட்டுக்காரிக்கும் அப்படியே எழுதிவிடுவது வழக்கம். அக்காவின் கார்டையும் அண்ணனே அப்படித்தான் நிரப்பினார். அக்காவுக்கும் 'யெஸ்' விழுந்துவிட்டது.

விமானம் இறங்கும் நேரம் தெரிந்ததால் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவழியாக ஃபோன் வந்தது. துளசி வீட்டிலிருந்து அண்ணன்தான்.

"அம்மணி, வந்து சேந்துட்டோம். ஆனா நான் இவகூடப் பேசமாட்டேன்."

நடந்தது இதுதான். ஏர்போர்ட் கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மா அண்ணனின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். அக்காவின் கார்டைப் பார்த்ததும் புருவம் தூக்கியிருக்கிறார். அக்காவின் விசா ஃபார்மில் ஒன்றுமில்லை, கார்டில் 'யெஸ்'. உடனே ஃபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

"அம்மா, உங்க மேல என்ன குற்றம்?" என்று அந்தக் குரல் கேட்டிருக்கிறது.

எல்லாம் தெரிந்துபோய்த்தான் கேட்கிறார்கள் என்று அக்கா நினைத்துவிட்டார். மறைத்தால்தான் தப்பு என்று நான் சொன்னது வேறு காதில் ஓடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டார்.

"சாமீ, அன்னிக்கு போலீசுக்கு ஃபோன் பண்ணுனது நானுங்க! பள்ளிக்கூடத்துல துளசி பரிசு வாங்குற நாளு. வாரேன்னு புள்ளைக்குச் சொல்லிப்போட்டு, சேவலத் தூக்கிட்டுப் போயிட்டாருங்க. அவ வாசலப் பாத்துட்டே நின்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது. கடை ஃபோன்ல காசப் போட்டுச் சொல்லிப்போட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்ல வாய் திறந்து, சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாராம். விஷயம் புரிந்ததும் அதிகாரி அம்மாவும் மேஜையில் குனிந்து சிரித்திருக்கிறார். அக்காவின் கார்டைத் திருத்தி, வெளியே போகச் சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாராம். கேஸ் நடந்த நாளிலிருந்து அவர் துப்புக் கொடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர். பக்கத்துத் தோப்புக்காரர்தான் அது என்று சந்தேகப்பட்டு அவரோடு பேச்சையே நிறுத்தியவர்.

"உண்மையச் சொல்லுங்கன்னு நீங்க சொன்னீங்க அம்மணி. எனக்குத் தெரியாத உண்மையும்ல வந்துருச்சு!" என்றார். சிரிப்பு ஃபோனில் கேட்டுவிடாமல் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

4. கற்றுக்கொண்டது

துளசிக்கு வலி வரும்வரை அண்ணன் அக்காவிடம் பேசவில்லை. பேத்தி பிறந்ததும் ஃபோனில் படம் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகச் சொல்லியும் அண்ணன் அசையாமல் அங்கேயே இருந்தாராம். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்க்காமலே முதல் வார்த்தை பேசியிருக்கிறார்.

"அன்னிக்கு வராதவன் இன்னிக்கு வந்துட்டேன்னு உன்ற மககிட்டச் சொல்லு. அப்படியே பக்கத்துத் தோப்புக்காரனுக்கும் ஒரு ஃபோனப் போடு, மன்னிப்புக் கேக்கோணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே மாஸ்டரிடம் சொல்லி ஆபீஸுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது யார் வந்தாலும் தண்டனை உண்டா என்று மட்டும் நான் கேட்பதில்லை. ஃபைன் கட்டினீர்களா, கோர்ட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்தீர்களா என்று நம் பாஷையிலேயே கேட்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். விசா எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன், வீட்டுக்குள் வரும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.