கிரேஸ் சிஸ்டர் விட்டுவைத்த பச்சை

செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சைக்கிள் சீட்டுக்கான தோலை நனைத்து மரக்கட்டையின் மேல் இழுத்து ஆணியடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இரண்டு கையும் ஈரம். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். ஓய்ந்து, உடனே மறுபடியும் அடித்தது. வாணியம்பாடி இம்தியாஸ் பாய். மனிதர் சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார். அன்று யாரையும் விசாரிக்கவில்லை.

"டேனியல் சார், சிஸ்டர் போய்ட்டாங்க சார். வண்டி விஷயமா இப்பதான் போன் பண்ணேன். பக்கத்து வீட்டம்மா எடுத்தாங்க. மாரடைப்பாம்."

நான் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த தோல் இம்தியாஸ் பாய் வண்டிக்கானதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை அவரிடம் ஒப்படைப்பதாக இருந்தது. ஈரத்தோலை பாதியில் விட்டால் சுருங்கிவிடும். அதனால் அழுதுகொண்டே மிச்ச ஆணிகளையும் அடித்து முடித்துவிட்டுத்தான் காட்பாடிக்குப் புறப்பட்டேன். சிஸ்டர் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

ஞாயிறுதோறும் எங்களோடு அமிர்தி வரைக்கும் சைக்கிள் மிதித்தவர்களுக்கு கிரேஸ் சிஸ்டரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காட்பாடி வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள்கள் நின்றன. எல்லாம் பழைய பிரெஞ்சு ரோடு சைக்கிள்கள்: மெல்லிய குழாயும் வளைந்த கைப்பிடியுமாக, தூர ஓட்டத்துக்கென்று அந்தக் காலத்தில் செய்தவை. எங்கெங்கோ துருப்பிடித்துக் கிடந்ததைத் தேடிப் பிடித்து, இன்ன வண்டி என்று கண்டுபிடித்து ஓட வைப்பார். அவர் போட்ட காபியைக் குடிக்க முடியாது. இட்லிப் பானையில் மண்ணெண்ணெயும் செயினும் ஊறிக்கொண்டிருக்கும். அதைச் சொன்னால், "இட்லி ஓட்டல்ல கெடைக்குது. இந்த செயின் எங்க கெடைக்குது, சொல்லு" என்பார்.

முதல் வண்டி பாண்டிச்சேரியில் கிடைத்ததாம். சர்ச் டூர் போன இடத்தில், பழைய இரும்புக் கடை வாசலில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு கையில் வந்துவிட்டது. என்ன வண்டி, யார் செய்தது, எதுவும் தெரியாது. பஸ் மேலே போட்டு வேலூருக்குக் கொண்டு வந்து டயர் வாங்கினால் டயர் சேரவில்லை. பெடல் வாங்கினால் பெடல் ஏறவில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னார்கள். "ஏன் ஏறலன்னு ஒருத்தரும் சொல்லல. அந்தக் கோவத்துலதான் ஆரம்பிச்சேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பழைய பிரெஞ்சு வண்டிகளின் திருகு மரை தனி அளவு என்று அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

நான் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவன். தோலைத் தடவிப் பார்த்துக் குறை சொல்வதே பிழைப்பு. கிழிந்துபோன ஒரு சீட்டைத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தவர், நான் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என் வேலையிலேயே குறை கண்டுபிடித்தார். அன்றைக்கே சினேகம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தோல் என் டிபார்ட்மெண்ட், மரை அவர் டிபார்ட்மெண்ட்.

தியேட்டர் பழக்கம் அவரை விடவே இல்லை. வண்டியைப் பிரிக்கும்முன் பச்சைத் துணி விரிப்பார். ஸ்பேனர்கள் வரிசையாகப் படுக்கும். வெளியே எடுத்த பால்ஸ் குண்டுகளை எண்ணிச் சத்தமாகச் சொல்வார். நானும் எண்ணித் திருப்பிச் சொல்ல வேண்டும். உள்ளே போடும்போதும் அதே மாதிரி. ஒருநாள் எனக்கு அலுத்துப்போய், "சிஸ்டர், இது இன்னா வயித்து ஆபரேஷனா? ஒரு குண்டு கம்மியானா சைக்கிள் செத்தா போய்டும்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மேல உக்கார்ற ஆள் விழுவான் இல்ல?" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

வேலை முடிந்த வண்டியில் அவர் முதலில் ஏறவே மாட்டார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்ப வேண்டும். சிஸ்டர் கேட்டருகில் இடுப்பில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பார்க்க மாட்டார், கேட்பார். ஒரு பேங்க் மேனேஜர் வண்டி திரும்பி வருவதற்குள், "இடது பெடல்ல ஆட்டம் இருக்கு" என்றார். பிரித்துப் பார்த்தோம், இருந்தது. அந்த மேனேஜர் இன்றைக்கும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி இம்தியாஸ் பாய் வண்டிக்கு வருகிறேன். சிஸ்டரின் கடைசி வண்டி அதுதான்.

இம்தியாஸ் பாய்க்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரம். அவருடைய தகப்பனார் தோல் பதனிடும் ஷாப்பில் கூலியாக இருந்து மேலே வந்தவர். ஒரு காலத்தில் பிரான்சிலிருந்து வந்து தங்கி ஃபினிஷிங் வேலை சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன கதை. சாகும்வரை சொன்னார். வண்டியைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கதவுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட், லூதியானா கம்பெனி பேட்ஜ், நம் ஊர்ச் சக்கரம், நம் ஊர் கேரியர். மூத்த மகன் அன்வர் பாய் அப்பா முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறார். அப்பா மௌத்தான பிறகு இளையவர் வண்டியை எடுத்து வைத்துக்கொள்ள, மூத்தவர் பழைய இரும்புக்குப் போடச் சொல்ல, அந்தப் பேச்சு முற்றி இரண்டு பேரும் பெருநாளுக்குக்கூடப் பேசிக்கொள்ளாத அளவுக்குப் போய்விட்டது.

"சிஸ்டர், எங்கப்பா பொய் சொன்னாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லித்தான் இம்தியாஸ் பாய் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

எனக்குப் பார்த்ததும் நம்பிக்கை போய்விட்டது. சிஸ்டர் பெயிண்ட் பக்கமே போகவில்லை. தரையில் உட்கார்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டார். தேய்ந்துபோன பெடல். மேலே தோலைச் சுற்றி மிக நேர்த்தியாகத் தைத்திருந்தது. "டேனியல், இந்தத் தையலப் பாரு. மெனக்கெட்டு எத்தினி தடவ தெச்சிருக்காரு. கடையில புதுசு வாங்கி மாட்டாம ஏன் இவ்ளோ பாடு?" என்றார். எனக்குச் சட்டென்று பாண்டிச்சேரி வண்டி ஞாபகம் வந்தது. "ஏறியிருக்காது" என்றேன். அவர் இம்தியாஸ் பாயிடம் திரும்பி, இதற்குமுன் யாராவது வண்டியைக் கழற்றப் பார்த்தார்களா என்று கேட்டார்.

"எங்க ஊர் மெக்கானிக் ஒருத்தர் பார்த்தாரு சிஸ்டர். பி.பி. கப் கழலவே இல்ல. பைப் போட்டுத் திருப்பிப் பார்த்தாரு. திருப்பத் திருப்ப ஜாஸ்தி டைட் ஆகுதுன்னு விட்டுட்டாரு."

பி.பி. கப் என்பது பெடல் அச்சு உள்ளே சுழலும் கிண்ணம். சிஸ்டர் முகம் மாறியது. "வலது பக்கத்துதா? எந்தப் பக்கம் திருப்பினாரு?" என்று கேட்டார். இம்தியாஸ் பாய் கையால் காட்டினார், கடிகார முள் போகிற பக்கம். நம் ஊர் வண்டியில் வலது பக்கக் கப்புக்கு மட்டும் மரை தலைகீழ். கடிகாரப் பக்கம் திருப்பினால்தான் கழலும். எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் அப்படித்தான் திருப்புவார், நானும் அப்படித்தான் திருப்பியிருப்பேன். பழைய பிரெஞ்சு வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் ஒரே மரை. அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும்.

"கழலலன்னா பலம் பத்தலன்னு நெனைக்கிறாங்க. பக்கம் தப்பு" என்றார் சிஸ்டர். ஆனால் அதை வைத்து முடிவு சொல்லவில்லை. இத்தாலிக்காரர்களும் இப்படித்தான் மரை போடுவார்கள், அளந்து பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். இம்தியாஸ் பாய் அன்றைக்கு டீகூடக் குடிக்காமல் போனார்.

கப்பின் மேல் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, வைஸ் இடுக்கியில் பிடித்து, வண்டியையே நாங்கள் இருவரும் சேர்ந்து சுற்றியதில் ஒருவழியாகக் கழன்றது. அளந்தார், துடைத்து மறுபடி அளந்தார். பிரெஞ்சு அளவு. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவரோ, "வண்டி பிரெஞ்சு, சரி. பச்சை எங்கேர்ந்து வந்துச்சி? அத கேக்காம போனா அந்த அண்ணன்காரர் ஒத்துக்க மாட்டாரு" என்றார். அவர்களுடைய அம்மா இருக்கிறார் என்று தெரிந்ததும், என்னையும் கூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு ரயில் ஏறிவிட்டார்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, பேச்சு தெளிவு. சிஸ்டர் பெயிண்ட் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "நான்தாம்மா டப்பா புடிச்சிகினு நின்னேன், அவர் அடிச்சாரு. ஜன்னலுக்கு வாங்கின பச்சை. கூலிக்காரன் இந்த மாதிரி வண்டியில போனா உடுவாங்களா? எங்க திருடினன்னு ரோட்டுல நிறுத்தி நிறுத்திக் கேட்டு அவருக்கு பேஜாராய்ட்ச்சி. டேஷனுக்குக்கூட இட்டுகினு போனாங்க. அப்பறம்தான் பெயிண்ட் அடிச்சி, வேற வண்டியோட பேட்ஜ் வாங்கிப் போட்டாரு."

"இத பசங்ககிட்ட சொல்லலையாம்மா?"

"கேட்டாங்களா?" என்றார் அம்மா.

இம்தியாஸ் பாய் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஊர் சந்தேகப்பட்டதால் அப்பா மறைத்தார். மறைத்ததால் மகன் நம்பவில்லை.

பச்சையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று இம்தியாஸ் பாய் துடித்தார். நானும் அதையே சொன்னேன். சிஸ்டர் கேட்கவில்லை. "பிரான்ஸ்காரன் அடிச்சது கீழ இருக்கு. உங்கப்பா அடிச்சது மேல இருக்கு. ரெண்டுல எது வேணாம்னு சொல்லுங்க பாய், அத எடுத்துர்றேன்" என்றார். கடைசியில் சீட்டுக்குக் கீழே வரும் குழாயில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பச்சையை எடுத்தார். ஆபரேஷன் பிளேடும் பூதக்கண்ணாடியுமாக நாள் கணக்கில் செய்த வேலை. அடியிலிருந்து நீலம் வந்தது, மழைக்காலத்து விடியற்காலை வானம் மாதிரி வெளிறிய நீலம். அதன் மேல் செய்தவர் பெயர். கீழே சேன்த்-எத்தியேன் என்று ஊர்ப் பெயர். பிரான்சில் சைக்கிளுக்குப் பேர்போன ஊராம்.

அன்வர் பாயை வரச் சொல்லி சிஸ்டரே போன் செய்தார். "பொய் வண்டிய நான் இன்னா பாக்கறது?" என்று அவர் போனை வைத்துவிட்டார். சிஸ்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வண்டி முடியட்டும், பிறகு மறுபடி கூப்பிடுகிறேன் என்றார். பாக்கி இருந்தது நான் செய்ய வேண்டிய சீட் மட்டும்தான். அப்போதுதான் செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வந்தது.

புதன்கிழமை சர்ச்சில் அடக்க ஆராதனை. ஞாயிறு சைக்கிள் கோஷ்டியிலிருந்து நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் வெள்ளைத் தொப்பியோடு தனியாக ஒரு பெரியவர் நின்றதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அது அன்வர் பாய். அம்மா அவரைக் கூப்பிட்டு, பச்சை அடித்த கதையைச் சொல்லி, நீ வண்டியைப் பார்க்காவிட்டாலும் அந்தப் பொண்ணு முகத்தையாவது பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். மண் போட்டு முடித்ததும் என்னிடம் வந்து, "வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். சிஸ்டரின் தங்கை வீட்டைத் திறந்துவிட்டார். ஹாலில் பச்சைத் துணி விரித்தபடியே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து நான் சீட்டை மாட்டினேன். அன்வர் பாய் குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தார். தொடவில்லை. பெடலில் இருந்த தையலைத்தான் தொட்டார். "இது அப்பா தையல். நான் பள்ளிக்கூடம் போன பை கூட இப்படித்தான் தெச்சிக் குடுத்தாரு" என்றார். பிறகு, "நான் சிரிச்சேன்ப்பா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். இம்தியாஸ் பாய் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய் அண்ணன் கையில் கொடுத்தார்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று அவர் தங்கை கேட்டார். எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாரு என்கிற அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. மனிதர்கள் இறுகிக்கொண்டாலும் இப்போது அதைத்தான் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அன்று அன்வர் பாய் ஏறி மிதித்தபோது எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கேட்டருகே சிஸ்டர் நிற்கும் இடத்தில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். செயின் ஓடுவது கேட்டது. தெருமுனையில் சத்தம் நிற்கவில்லை. திரும்பாமல் மெயின் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

ஆட்டம் எதுவும் இல்லை, சிஸ்டர். வண்டி நன்றாக ஓடுகிறது.