கரண்ட் போனாலும் போன் அடிக்கணும்

எங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறது என்று சொன்னால் கம்பெனியில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சூளகிரியில் எல்லார் கையிலும் ரெண்டு சிம் போட்ட போன் இருக்கும்போது உனக்கு எதற்கப்பா இது என்று கேட்பார்கள். என் அம்மாவையும் சித்தியையும் தெரிந்தால்தான் அது புரியும்.

சித்தி அம்மாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் அத்திப்பள்ளி. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகா, அங்கிருந்து கூப்பிடு தூரம். சித்தப்பா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். எங்களோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டாகிவிட்டது. "எங்க ஊட்ட உட்டுட்டு எங்கடா வர்றது" என்பாள். கண் பார்வை மங்கிவிட்டது. செல்போனில் தேய்த்து நம்பர் எடுப்பதெல்லாம் ஆகாது. பெரிய பட்டன் போட்ட வீட்டு போனும், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒரு நம்பரும்தான் அவளுக்கு. அந்த நம்பர் எங்கள் வீட்டு லேண்ட்லைன்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடிக்கும். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச்சு. என்ன குழம்பு, மாத்திரை போட்டியா, இவ்வளவுதான். வைத்துவிடுவார்கள். சித்தி உயிரோடு நன்றாக இருக்கிறாள் என்பதற்கு அம்மாவுக்கு வேறு ரசீது கிடையாது.

பழைய கம்பி லைன் இருந்தவரை கரண்ட் போனாலும் போன் பேசும். அதை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டபோது, இனி கரண்ட் இருந்தால்தான் பேசும் என்று லைன் இழுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நான் விடுவேனா? கம்பெனியில் மெயின்டனன்ஸ்காரன். அங்கே கரண்ட் போனாலும் யூபிஎஸ்ஸில் ஓடும் சாக்கெட்டுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். இன்வெர்ட்டர் வாங்கி, அதில் ஓடும் சாக்கெட்டாக ஃபேனுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று, ஹாலில் இருக்கும் போனுக்கு ஒன்று என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். மெயினை இறக்கிப் பார்த்தேன். போனின் சின்னத் திரை பளிச்சென்று எரிந்தது. "பாத்தியாம்மா, கரண்ட் போனாலும் போன் சாகாது" என்றேன். மனசுக்குள் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டேன்.

கோடை மழை வந்தது. மதியமே காற்றடித்து எங்கேயோ கம்பம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. முதல் ஷிஃப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்து டீ குடித்து முடித்தும் கரண்ட் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்தது. போனில் திரை எரிந்துகொண்டிருந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

அம்மா போனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன்.

"தொடாதடா. நீ எடுத்துகினு இருந்தா அவளுக்கு பிஸின்னு வரும்."

"டோன் வருதான்னு பாக்கறம்மா."

"லைட்டு எரியுதில்ல, அப்பறம் என்னா டோனு? நீதான சொன்ன, சாகாதுன்னு."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அம்மா என் மனைவியையும் அதன் பக்கம் விடவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. செல்போனிலிருந்து சித்தி வீட்டுக்கு நானே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அவ எங்கியும் போவமாட்டாளே" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். சித்திக்குச் சர்க்கரை உண்டு. குளியலறைத் தரை வேறு வழுக்கும்.

செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வண்டி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு மழையில் கிளம்பினேன். ஜூஜுவாடியில் லாரிகள் ஒன்றின் முதுகில் ஒன்று நின்றன. அன்று அந்த எல்லையில் நான் திட்டாத லாரி இல்லை. அத்திப்பள்ளி போய்ச் சேர்ந்தால் வீட்டில் பூட்டு. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: அக்கா வீட்டுப் போன் எடுக்கவில்லையாம், என்னவோ ஏதோ என்று அழுதுகொண்டே அப்போதே உங்கள் வீட்டுக்குப் போக ஓசூர் பஸ் ஏறிவிட்டாள்.

செல்போனை வெளியே எடுத்தேன். மனைவி வரிசையாக அடித்திருந்தாள். திருப்பி அடித்ததும், "சித்தி வந்து சேந்துட்டாங்க. நீங்க பாத்து மெதுவா வாங்க" என்றாள். பின்னால் ரெண்டு குரலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

நான் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தபோது அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தியின் பக்கத்தில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுப் புடவை, மாத்திரை, போர்வை. எதற்கு இவ்வளவு என்றேன்.

"உங்கம்மாக்கு எதாச்சும் ஆயிருந்தா நாலு நாளு இருக்கணுமில்லடா" என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சித்தி நாலு நாள் இருந்தாள். அந்த நாட்களில் அம்மா ஒரு முறைகூடக் காது கேட்கவில்லை என்று சொன்னதில்லை. வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

சித்தியை பஸ் ஏற்றிய பிறகுதான் கோளாறைத் தேடினேன். ஃபைபர் வந்து இறங்கும் வெள்ளைப் பெட்டி படுக்கையறைப் பரண்மேல் இருக்கிறது. போனுக்கு லைன் வருவதே அதன் வழியாகத்தான், அதற்கு மட்டும் நான் இன்வெர்ட்டரும் கொடுக்கவில்லை, ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. கரண்ட் போனதும் பெட்டி செத்துவிட, போன் மட்டும் சும்மா கண்ணை விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பெட்டிக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டி, மெயினை இறக்கி, செல்போனிலிருந்து அடித்துக் காட்டினேன். லேண்ட்லைன் கணீரென்று அடித்தது.

"இனிமே கவலையே இல்லம்மா" என்றேன்.

"நல்லது" என்றாள். குரலில் சுரத்து இல்லை. வயசானவர்களுக்கு எதைச் செய்தாலும் திருப்தி இல்லை என்று நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே காற்றும் மழையும் வந்து கரண்ட் போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் நிதானமாக எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க கரண்ட் இல்லடி. போன் வேல செய்யல" என்றாள்.

ஸ்பீக்கரில் சித்தியின் குரல் கணீரென்று வந்தது.

"ஆமாக்கா, எனக்கும் ஒண்ணும் கேக்கல" என்றாள் சித்தி. "மாத்திரய எடுத்துகினு வர்றேன்."