அழிந்த கார்டில் அக்காவின் குரல்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருப்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அவர் லேபிள். ஒரு ஒயரைக் கழற்றுவதற்கு முன் அதன் இரண்டு முனையிலும் துண்டு டேப் ஒட்டி எண் எழுதாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. "கல்யாணம் பண்ணியிருந்தா பொண்ணு மேலயும் ஒட்டியிருப்பாரு" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். "அதுக்கு பயந்துதான் ஒருத்தியும் வரலை" என்று அவரும் சிரித்துக்கொள்வார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மாட்டிய ஒரு ஒயர்கூட இடம் மாறியதில்லை. அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன், ஜாக்கிரதைக்காரர். லிஃப்டுக்குள் நிற்கிற ஜனங்களுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். முன்னறையில் அக்காவின் தையல்கடை. ஊசியைவிட நாக்கு கூர்மை என்று பேர் எடுத்தவள். அளவு கொடுத்து ஆறு மாதம் கழித்து, சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களை, "துணி சுருங்கலைம்மா, நீங்கதான் விரிஞ்சிட்டீங்க" என்று ஒரே வெட்டாக வெட்டி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

"பேச்சில்லாம கிடக்கறதுக்குப் போய்ச் சேர்றதே மேல்" என்று அக்கா அடியோடு மறுத்துவிட்டாள்.

பத்து நாள் கெஞ்சினார் லேபிள். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். "உன் குரலு என் பொறுப்புக்கா. அதை நான் காப்பாத்தறேன். நீ உயிரோட இரு, போதும்."

வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை அவர். லிஃப்ட் நிற்கும்போது 'இரண்டாவது தளம்' என்று ஒரு பெண் சொல்கிறாளே, அது என்றைக்கோ பேசிப் பதிவு செய்து வைத்த குரல். அதே உத்திதான். உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தொடுதிரையும் ஸ்பீக்கரும் சேர்த்து ஒரு டப்பாவில் அடைத்தார். ஆபரேஷனுக்கு முன் மூன்று வாரம் அக்கா அதன் எதிரில் உட்கார்ந்து பேசினாள். நானூற்றுப் பன்னிரண்டு பேச்சு. வாங்க, உட்காருங்க, நாளைக்குத் தர்றேன், திட்டு வகையில் மட்டும் முப்பத்தொன்று. பிறகு ஒன்றரை வருஷம் திரையைத் தொட்டால் அவள் குரலே பேசியது. கடைக்கு வருகிறவர்கள் முன்போலவே வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பலகைக்குத் தன்னுடையது என்று எதுவும் கிடையாது. அதை இயக்குகிற ஆபரேட்டிங் சிஸ்டம், அக்காவின் பேச்சு, எல்லாம் விரல் நகமளவு மெமரி கார்டு ஒன்றில்தான். முறைப்படி நிறுத்திவிட்டு மின்சாரத்தை அணை என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும், அக்கா லைட்டை அணைப்பதுபோல சுவிட்சைத் தட்டிவிடுவாள். கார்டு கெட ஆரம்பித்தது. பேச்சு பாதியில் நின்றது. அதே கம்பெனியில் அதே அளவில் புதுக் கார்டு வாங்கி, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றி, பழையதிலிருந்து குரலை மட்டும் மாற்றிக்கொள்வது என்று லேபிள் முடிவு செய்தார். முதலில் குரலை வேறெங்காவது நகல் எடுத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பழைய கார்டை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தார் மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நகமளவு கார்டில் லேபிள் ஒட்ட இடம் ஏது? வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகுவதற்கு ஒவ்வொரு கார்டையும் ஒரு பெரிய அடாப்டருக்குள் வைக்க வேண்டும். அந்த அடாப்டர்கள் மேல் 'பழசு', 'புதுசு' என்று எழுதி ஒட்டினார். பிறகு, தூசி இருந்தால் தகராறு வருமே என்று இரண்டு கார்டையும் வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். அதுவும் ஜாக்கிரதைதான். திரும்ப வைக்கும்போது கார்டுகள் இடம் மாறிவிட்டன.

'இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் அடாப்டரை உருவி எழுத்தைப் பார்த்தார். புதுசு. செருகிவிட்டு, ஆம் என்று அழுத்தினார்.

பதினொரு நிமிஷத்தில் சிஸ்டம் ஏறி முடிந்தது. அடுத்து 'பழசு' என்று எழுதியிருந்ததைத் திறந்தார். வெறுமை. இன்னொரு தடவை திறந்தார். அழித்தது பழைய கார்டை என்று அப்போதுதான் புரிந்தது. கதவோரம் அக்கா வந்து நின்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: முடிஞ்சுதா?

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்க்கா" என்றார். அவளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

புது சிஸ்டம் கார்டின் முன்பகுதியைத்தான் மூடியிருந்தது. மிச்ச இடத்தில் கிடப்பதைத் தோண்டி எடுக்கும் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, லீவு போட்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தார். தேறிய எதற்கும் பேர் இல்லை, வெறும் எண்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டில் எண்பத்தேழு கிடைத்தது. சரியில்லை என்று அக்கா அப்போதே அழித்துப் போட்டவையும் கூட வந்தன. தும்மல், சிரிப்பு, "இது ஓடுதாடா?" கடைசியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேசியது ஒன்று.

"தம்பி... நாளைக்கு நான் கண்ணு முழிக்கலைன்னா, நாமதானே கட்டாயப்படுத்தினோம்னு உன்னைப் போட்டு வதைச்சுக்காதடா. உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். பயமாத்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சீ, என்ன பேச்சு இது. அழிச்சுடுவோம்."

லேபிள் ஹெட்போனைக் கழற்றாமலே விம்மி விம்மி அழுதார்.

எழுந்துபோய் அக்காவின் எதிரில் நின்றார். "உன் குரலை நானே அழிச்சிட்டேன்க்கா."

அவள் முகம் சிவந்தது. வாய் திறந்தது. ஆபரேஷனில் மூச்சுக்காகப் போட்ட கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. கை பழக்கதோஷத்தில் டப்பாவுக்குப் போய், திட்டுகள் இருக்கும் மூலையை அழுத்தியது. கார்டு இல்லாத டப்பா. மறுபடி அழுத்தினாள், மறுபடியும். குரலைத் தொலைத்தவனைத் திட்டுவதற்குக்கூட அவளிடம் குரல் இல்லை. அவர் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எழுந்து தையல் மெஷினில் உட்கார்ந்து, துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து எழுதினாள்: போடு, கேக்கறேன்.

எல்லாவற்றையும் கேட்டாள். கடைசிப் பதிவு ஓட ஆரம்பித்ததும் நிறுத்தப்போன அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முடியும்வரை விடவில்லை. பிறகு அவர் எழுதிய பட்டியலை விரலால் துழாவி, என்னவோ காணோம் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக் கூப்பிடறது போச்சுக்கா. 'தம்பி'ங்கறது எதுலயுமே இல்லை. இதுல மட்டும்தான்."

அக்கா சிலேட்டை எடுத்து எழுதினாள்: வெட்டி எடுத்துக்கோ.

டப்பாவில் இப்போது எண்பத்தெட்டு பேச்சு. திட்டுகளில் தப்பியது நாலே நாலு. அக்கா சாந்தமாகிவிட்டாள் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வதில் அவளுக்கு ஏகக் கடுப்பு. நூல் சிக்கினாலும், பல்பு எரியாவிட்டாலும், சும்மா ஒரு நடை வந்துபோ என்றாலும் அவள் தொடுவது அந்த ஒரு சொல்லைத்தான். சாவுக்குப் பயந்துகொண்டிருந்த ஒருத்தி கூப்பிட்ட குரல் அது, நடுக்கத்தோடு அப்படியே வரும். நூலுக்கோ பல்புக்கோதான் கூப்பிடுகிறாள் என்று லேபிளுக்குத் தெரியும். என்றாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறார்.