ஓகூஸில் எனக்குக் கிடைத்த ஒன்பது

டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கச் சேர்ந்த முதல் வாரம், விரிவுரையாளர் மண்டபத்துக்குள் வந்ததும் நான் எழுந்து நின்றேன். மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவளின் கால்கள் தாமாகவே அதைச் செய்துவிடும். வேறு ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் பச்சைக் கரட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மழையில் சைக்கிளோட்டி வந்திருந்த விரிவுரையாளர் ஹென்ரிக், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்து, "யா?" என்றார். டேனிஷ் 'யா' எங்கள் 'ஓம்', ஆமாம். ஏதோ கேட்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த வகுப்பிலும் அப்படியே. மூன்றாம் முறை நான் எழுந்தபோது மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் வாயில் வந்த கேள்வியொன்றைக் கேட்டேன். ஹென்ரிக் மகிழ்ந்துபோய், எழுதியதில் பாதியை அழித்துவிட்டு விளக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர்.

எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் அது இங்கிலாந்துதான். அப்பா அதை ஆங்கிலத்தில் கனவு கண்டார். எனக்கு வாய்த்ததோ, பாதி எழுத்தை விழுங்கிவிட்டு மீதியை மூக்கால் சொல்லும் டேனிஷ். சண்டைக்குள் அகப்பட்டு, படிப்பும் குழம்பி, சில்க்போர்க்கில் இருந்த அண்ணனிடம் அகதியாக வந்து சேர்ந்திருந்தேன். கட்டிய கணவர் அன்ரன் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். தமிழ் அகதிகளின் குடும்பங்களை அழைக்கும் விண்ணப்பங்கள் பதிலில்லாமல் கிடந்த ஆண்டுகள் அவை. பின்னாளில் அந்த விவகாரத்தில் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. ஆனால் அன்று எங்களுக்கு என்ன தெரியும்? ஒடென்சேயில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போனாலும், பூசை முடிந்து வாசலுக்கு வரும்போதே, "உங்கட ஆளுக்குப் பதில் வந்ததோ?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்போம்.

அண்ணனுக்கு என் படிப்பில் நம்பிக்கையில்லை. "சோதினை சரிவராட்டி விட்டிட்டு வா. என்ர ஃபேக்டரியிலை வேலை எடுத்துத் தாறன்," என்றான். அன்ரன்தான் விடவில்லை. "நீர் படியும். நான் வரேக்கை உந்தச் சனத்தோடை கதைக்க வீட்டிலை ஒராளாவது வேணும்," என்று தொலைபேசியில் சொல்வார். 'வந்தால்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வரும்போது என்ற பொருளில் 'வரேக்கை' என்றுதான் சொல்வார். அதற்காகவே நான் தோற்கக்கூடாது என்றிருந்தது.

ஜூன் மாதம் வாய்மொழிப் பரீட்சை வந்தது. பரீட்சை அறைக்கு வெளியே என் முறைக்காகக் காத்து நின்றேன். அந்தக் கம்பளி பின்னுகிற பெண் மெட்டே, என் தோளைத் தட்டி, "க்னெக் ஓ பிரெக், யெசிந்தா!" என்றாள். ஜெசிந்தா என்ற என் பெயர் டேனிஷ் வாயில் அப்படித்தான் ஆகும். ஆனால் 'பிரெக்' என்றால் வாந்தி. வார இறுதிகளில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, தண்ணி வாளியோடு கற்றுக்கொண்ட சொல் அது.

"நான் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை," என்றேன் பயத்தோடு.

மெட்டே சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மீன் பிடிக்கப் போகிறவர்களையும் பரீட்சைக்குப் போகிறவர்களையும் இப்படித்தான் வாழ்த்தி அனுப்புவார்களாம். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமலே உள்ளே போனேன்.

ஹென்ரிக்கின் பக்கத்தில், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றை எடுத்தேன். வினையூக்கி. சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். விளக்க வேண்டிய இடத்தில்தான் என் டேனிஷ் தீர்ந்துபோனது. சோக்கைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் ஊரில் கலியாணம் பேசி வைப்பதற்கு ஒருவர் இருப்பார்," என்றேன். "அவர் இல்லாவிட்டால் இரண்டு வீடும் ஒன்றுசேர வருடக்கணக்காகும். அவர் வந்தால் கெதியாய் முடியும். முடிந்ததும் அவர் வந்தபடியே திரும்பிப் போவார்."

"ஒன்றும் வாங்கமாட்டாரா?" என்றார் தாடிக்காரர்.

"சாப்பாடு மட்டும்."

"அப்படியென்றால் அவர் கொஞ்சம் பருத்துவிடுவாரே. வினையூக்கி மாறக்கூடாது."

"அடுத்த வீட்டுக்கு நடந்தே போவார். அதில் மெலிந்துவிடுவார்," என்றேன். மூவரும் சிரித்தோம்.

வெளியே அனுப்பி, திரும்பவும் கூப்பிட்டார்கள். ஹென்ரிக் எழுந்து நின்றார். எனக்காக ஒரு விரிவுரையாளர் எழுந்து நின்றார். என் கையைப் பிடித்து, "நீ," என்றார்.

அம்மாவுக்குப் பிறகு என்னிடம் அவ்வளவு கனிவாக அந்தச் சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. "நானோ?" என்றேன், தமிழில். அவர் குழம்பிப்போய், சோக்குப் படிந்த பத்து விரல்களில் ஒன்றை மடக்கி மற்றவற்றை விரித்துக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. டேனிஷில் 'நீ' என்றால் ஒன்பது. எனக்கு ஒன்பது புள்ளிகள்!

கட்டடத்தின் கீழே தொலைபேசிக் கூண்டு இருந்தது. படிகளில் இறங்கினேனா பறந்தேனா என்று தெரியாது. கொழும்பில் அன்ரன் மூச்சிரைக்க வந்து தொலைபேசியை எடுத்தார்.

"ஒம்பது எடுத்திட்டன்!"

"பரவாயில்லையப்பா," என்றார் மெதுவாக. "அடுத்த முறை பாப்பம். நூற்றுக்கு ஒம்பதெண்டாலும்..."

"நூற்றுக்கில்லை! பதின்மூண்டுக்கு!"

"பதின்மூண்டுக்கோ? உதென்ன விசர்க் கணக்கு? அப்ப பாசோ?"

"நல்ல பாஸ்!"

உடனே அவர் வாயை அந்தப்பக்கம் திருப்பி, "என்ர மனுசி பாஸ்!" என்று கத்துவது கேட்டது. லொட்ஜில் யார் யாரோ கைதட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கேயோ போவதற்குக் காத்திருந்தவர்கள். அன்ரன் டென்மார்க் வந்து சேர்ந்தது பிறகு, நான் படிப்பை முடிக்கும் தறுவாயில். அந்த மத்தியானம் அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இரண்டுபேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் மெட்டேயும் மற்றவர்களும் கேக்கோடு கூண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். கேக் நிறையச் சின்னச்சின்ன டேனிஷ் கடதாசிக் கொடிகள். மெட்டே கதவைத் திறந்து ஒரு துண்டை என் வாயில் திணித்தாள். "நல்லாயிருக்கா?" என்று டேனிஷில் கேட்டாள். அதே நேரம் காதுக்குள் அன்ரன், "சந்தோசமா இருக்கிறீரோ?" என்றார். வாய் நிறையக் கிறீமோடு நான் அன்ரனுக்கு, "யா, யா," என்றேன். மெட்டேயைப் பார்த்து, "ஓம், ஓம்," என்றேன். இரண்டுபேருக்கும் விளங்கியது.