யெர்கோ கொண்டுவந்த கடல்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. என் அக்கா ஆன்கா எலுமிச்சைச் செடிமேல் போர்த்தியிருந்த சாக்கை விலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் யெர்கோ கடற்கரையில் பீப்பாய் நிரப்பும்போது மாரடைப்பில் போய்விட்டார் என்று ஒரு மீனவர் போனில் சொன்னார்.

யெர்கோ தீவுக்காரர். கல்யாணமானதும் மலைக்கு இந்தப்பக்கம், எங்கள் வர்லிகாவுக்குக் குடிவந்தார். கடல் ஒன்றும் தொலைவில்லை. ஆனால் அங்கே எலுமிச்சை பழுக்கிற ஜனவரியில் இங்கே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். கோடையிலோ அங்கே காற்று வரும், இங்கே கூரை ஓடு கொதிக்கும். அவர் நட்ட இரண்டு எலுமிச்சைகளும் பனியில் கருகின.

“செடிமேல தப்பில்ல மாப்ள,” என்றார் என்னிடம். “நிலம் உங்க அக்கா மாதிரி. சட்டுனு சூடாகும், சட்டுனு ஆறும். கடல் நிதானம். வெயில்ல வாங்கிவச்ச சூட்டைக் குளிர்ல மெல்ல மெல்ல விடும்.”

“அதுக்கு?”

“கொஞ்சம் கடல் கொண்டாரணும்.”

கொண்டுவந்தார். மூன்றாவது செடியைச் சுற்றி நீலப் பீப்பாய்கள் நின்றன.

“கிணத்துத் தண்ணியே போதுமே மாமா?”

“அது உங்க ஊர்க்காரன். குளிர் வந்தா முதல்ல அவன்தான் உறைவான்.”

ஆகஸ்டில் பக்கத்து வீட்டு ஸ்டிபான் நீச்சல் கால்சட்டையோடு, குடையும் நாற்காலியுமாக வந்து பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

“யெர்கோ, அலை எப்ப வரும்?”

“டிக்கெட் வாங்கினவனுக்குத்தான் அலை.”

கேலிக்கு வந்தவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மறுவாரம் மூன்று குடைகள்.

செடி பிழைத்தது. வடகாற்று அடிக்கிற பக்கம் மட்டும் இலை உதிரும். இந்த வருஷம் அந்தப் பக்கத்தில்தான் முதல் காய் பிடித்தது. ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கருவாட்டுக் குழம்பில் அதைத்தான் பிழிவோம் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வடக்கே இன்னொரு பீப்பாய் வைத்தால் காய் தப்பும் என்றுதான் அன்று விடியுமுன் கடலுக்குக் கிளம்பினார்.

கடற்கரைக்குப் போய், சவ வண்டியில் அந்தப் பீப்பாயையும் ஏற்றச் சொன்னேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

“இது யாரு, உறவா?”

“ஆமா.”

வாசலில் அக்கா முதலில் பீப்பாய்க்குள்தான் எட்டிப்பார்த்தாள். பிறகு சவப்பெட்டியிடம் சொன்னாள்: “அவ்வளவு தூரம் போயும் பாதிதானா?”

அடக்கம் முடிந்ததும் ஸ்டிபான் கிணற்றிலிருந்து வாளியோடு வந்தார், நிரப்பிவிடலாமென்று.

“அதுல கை வைக்காதீங்க அண்ணா,” என்றாள்.

இன்றைக்கு வடகாற்று தொடங்கிவிட்டது. காய் இன்னும் பச்சை. மீதித் தண்ணீருக்குக் கடலுக்கு யாரும் போகவில்லை. வடக்குப் பீப்பாய் பாதியில் நிற்கிறது.