லீவு இல்லை என்று சொன்ன பொங்கல்கள்

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வருடந்தோறும் தங்கையிடம் நான் சொன்னது பொய். பாரீசில் வேலை பார்த்த காலமெல்லாம் லீவு இருந்தது. பயணம், உறவு, விசாரிப்பு என்று அலைய மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டேன். கட்டிக்கொடுத்த தங்கைக்குக் கூடப்பிறந்தவன் கொண்டுபோய்த் தரவேண்டிய பொங்கல் சீரை, யாரிடமாவது சொல்லிக் கொடுத்தனுப்புவேன்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும், இந்தப் போகியன்று காரைக்காலில் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் தங்கை வாழ்க்கைப்பட்ட பூவம் கிராமத்துக்குப் போனேன். தங்கை வாசலுக்கு வந்தாள்.

"வாங்கண்ணே. ஒருவழியா லீவு குடுத்துட்டாங்களா?"

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "லீவு எப்பவும் இருந்துச்சும்மா. நான்தான் வரல."

"தெரியும்ண்ணே. அங்க உங்ககூட வேலை பாத்தவரு வருஷா வருஷம் பொங்கலுக்கு லீவுல வந்து, 'உங்கண்ணன் வரலையா'ன்னு கேட்டுட்டுப் போவாரே. எம்மாமியார்கிட்ட நானும் லீவு இல்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் மஞ்சளைப் பானையில் கட்டுவாளா என்பதே மனதில் ஓடியது. காலையில் பார்த்தால், பானைக் கழுத்தில் இருந்தது அவள் மகன் வாங்கி வந்த மஞ்சள்.

"நான் கொண்டாந்தது எங்கம்மா?"

"கொல்லையில நட்டுட்டேன். அடுத்த பொங்கலுக்கு வந்து உங்க கையால புடுங்கிக் குடுங்க. அப்பக் கட்டுறேன்."

பானை பொங்கியது. எல்லோரும் குரல் கொடுத்தார்கள். நான் அடிக்கடி கொல்லைக்குப் போய், செடி வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.