சுத்தபோசனத்து மீன்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேச வேண்டி வந்தால் சேலை முந்தியைத் திருகிக்கொண்டு நிற்பேன். எழுதுவதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மீன்குழம்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதுவும் வைக்காமல் போன குழம்பு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல்லில் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆபீஸில் பாட்டில் கழுவும் வேலை எனக்கு. கிணறு, குளம், தொட்டி என்று ஊர் ஊராகத் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டி வரும். சோதித்து முடித்ததும் பாட்டில்கள் என் தொட்டிக்கு வந்துவிடும். சிறுமலை அடிவாரத்துப் பாட்டில் ஒரே அலசலில் சுத்தமாகும். தோல் ஷாப்புகளுக்குக் கீழே இருந்த குளத்துப் பாட்டிலைச் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அடியில் கடுங்காப்பி நிறத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. தோல் பதனிடும் கழிவும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேரும் குளம் அது.

அந்தக் குளத்தில்தான் என் மாமனார் தூண்டில் போட்டார்.

மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தூண்டிலைப் பிடித்துக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்துவிட்டால் அவருக்கு உற்சாகம். எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி கிடையாது. சுத்தபோசனம் என்போம். கறிதான் கூடாது, மீன் கூடும். எனவே நாள் தவறாமல் குளத்துக்குப் போவார்.

அந்த வருடம் என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. என் வீட்டுக்காரர் லாரியில் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அத்தையும் இல்லை. அவளுக்கு ஆக்கிப்போட்டு, பிள்ளை பிறந்து அவளை அனுப்பும்வரை பார்த்துக்கொள்வது என் தலையில். நானும் மூன்று வாரம் அந்த மீனைத்தான் குழம்பு வைத்துக் கொடுத்தேன். குளத்துப் பாட்டிலையும் குளத்து மீனையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை. பாட்டில் ஆபீஸில் இருந்தது, மீன் வீட்டில் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் அந்தப் பாட்டிலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் நகக்கண்ணில் முந்தின நாள் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை சோதனை செய்கிற சாரிடம் வணக்கம் தவிர எதுவும் பேசியதில்லை. அன்று அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தத் தண்ணீரில் பிடித்த மீனைத் தின்னலாமா என்று கேட்டேன்.

நமக்குத் தண்ணீரைப் பார்க்கத்தான் உத்தரவு, மீனைச் சோதிக்க வேண்டுமானால் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், யாரும் அனுப்பியதில்லை என்றார். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

"வீட்ல மாசமா யாரும் இருக்காங்களாம்மா?"

தலையாட்டினேன்.

"அப்ப வேண்டாமே."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பாட்டில் கழுவினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே வாளியில் மீன் துள்ளும் சத்தம் கேட்டது. நல்ல கைஅகல ஜிலேபி மீன்கள், ஏழெட்டு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, சார் வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னேன். மாமா கோபப்படவில்லை. ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"பாருத்தா, செம்பருத்தி மாதிரி இருக்கு. விசத் தண்ணின்னா மொத மீனுல்ல சாகணும்? ஒங்க ஆபீசுக்காரக திங்கிற மீனு ஐஸுல பொணமாட்டம் ஒரு வாரம் கெடந்து வருது. அது நல்ல மீனாக்கும்?"

செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. மீன் உயிரோடுதான் இருந்தது. அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்புத் தோல். அது எந்தக் குளத்து ஜிலேபிக்கும் இருப்பதுதான். சுரண்டி எடுத்துவிட்டுக் கழுவுவோம். அன்று சுரண்டச் சுரண்டக் கறுப்பு போகாத மாதிரி இருந்தது. புளி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நாத்தனார், மீன் தலை இரண்டு தனக்கு வேண்டுமென்றாள். சினை இருந்தால் அதுவும்.

சட்டியை அடுப்பில் ஏற்றினேன். எண்ணெய் காய்ந்தது. வெந்தயம் போட வேண்டியதுதான் பாக்கி. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"மாமா, நான் மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். பிள்ளை பெறக்கிற வரைக்கும் இந்த அடுப்புல மீனு ஏத்த மாட்டேன்னு."

எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சார் சொன்னதை மாமா கேட்கமாட்டார். என் சொல்லும் எடுபடாது. மாதாவை மீறமாட்டார் என்பது மட்டும் தெரியும்.

"எப்ப நேந்த?"

"நேத்து."

"கறிய விடுறதுதான் சுத்தபோசனம். மீனை விடச் சொல்லி எந்தச் சாமியாரு சொன்னாரு?"

நாத்தனார் உள்ளேயிருந்து சிரித்தாள். "ஏன் மதினி, மாதாவுக்கு மீனு ஆகாதா? வேளாங்கண்ணியில கோயிலுக்குப் போற வழியிலேயே வறுத்து விக்கிறாங்க."

மாமா சிரிக்கவில்லை. அலமாரி மேலிருந்த மாதா சுரூபத்தைக் காட்டினார். "அங்க பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சொன்னதையே திரும்பச் சொன்னேன். சொல்லும்போதே உண்மையாகவே நேர்ந்துகொண்டேன். அதனால் 'நேத்து' என்ற ஒரு சொல் மட்டும்தான் பொய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவர் உள்ளே போய், வெட்டிக் கழுவிய மீனைச் சட்டியோடு எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் கொட்டினார். மூன்று பூனைகள் ஓடிவந்தன. முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றன. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, நடை பழகுகிற தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பெரியப்பா, அம்புட்டையும் பூனைக்குப் போடுறதுக்கு எங்களுக்குக் குடுத்திருந்தா இந்தப் பய தின்னுருப்பான்ல?" என்றாள்.

ஊறிய புளியில் கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைத்தேன். மாமா சாப்பிட்டு எழுந்து போன பிறகும் நாத்தனார் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்க கோயிலுக்கே போகலையே மதினி" என்றாள் மெதுவாக. நான் குழம்புச் சட்டியை மூடினேன். "அந்தக் கொளத்துத் தண்ணி ஒங்க ஆபீசுக்கு வருதா?" வருகிறது என்றேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப மூணு வாரமாத் தின்னது?"

சாரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பொய் வரவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மீனை நிறுத்தியதால் பிறந்ததா, நிறுத்தாவிட்டாலும் பிறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரும் சோதிக்கவில்லை.

நேர்த்தி சொன்ன மறுநாள் வியாழக்கிழமை. மாமா வழக்கம்போலத் தூண்டிலை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போனார். நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாளியோடு வந்தார். எங்கள் வீட்டில் நேர்த்தி என்று சொல்லி, எதிர்வீட்டு வாசலில் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். எதிர்வீட்டுக்காரி சட்டி கொண்டுவந்து வாங்கிக்கொண்டாள். நான் நின்று பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.